கதிரவன் இல்லாத ஊரில் ஒரு நத்தார்

யாழ்ப்பாணத்திலே நத்தாருக்குச் சவுக்கங் கிளையை வெட்டி வந்து நட்டு, அதன்மேற் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, அதனை உறைபனி என்று சொல்லி மகிழ்ந்தவர்கள் நாங்கள். உறைபனியை எம்முள் ஒருவரும் கண்டதில்லை. மேல்நாட்டு வாழ்த்து மடல்களில் வந்த படங்களே எமக்கு ஆதாரம். வெளியே மார்கழி மழை கொட்ட, முற்றத்து மண் சேறாகிக் கிடக்க, உள்ளே பஞ்சு ஒட்டாத மரம் நத்தார் மரமாகாது என்று நம்பி வளர்ந்தோம். பின்னொரு காலத்திலே, பஞ்சு வேண்டாத ஓர் ஊரில், சாளரத்தின் கீழ்விளிம்பு வரை பனி குவிந்து கிடக்க, பாலன் குடிலில் வைப்பதற்காகப் பச்சைக் கடதாசியிலே தென்னை மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கையில் இல்லாத ஒன்றைச் செய்து பார்ப்பதே திருநாளின் இயல்பு போலும். அந்த நத்தாரைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

அது 1987ஆம் ஆண்டு. ஊரின் பெயர் வார்டோ. நோர்வே நாட்டின் வடகிழக்குக் கோடியிலே, பேரன்ற்ஸ் கடலில் உள்ள சிறு தீவு அது. வட அகலக்கோடு எழுபது பாகைக்கும் அப்பாற்பட்டது. தேசப்படத்தை விரித்துப் பார்ப்பவர், ஐரோப்பாவின் மேற்கோரத்து நாடொன்றின் இவ்வூர் இஸ்தான்புல் நகரினும் கிழக்கே கிடப்பதைக் கண்டு வியப்பர். வெப்ப நீரோட்டத்தின் தயவால் அங்கே கடல் உறைவதில்லை. ஆனால் காற்று ஓய்வதுமில்லை. அக்காற்றிலே மரம் தலையெடுக்காது. கோட்டையினுள்ளே அருமையாக வளர்த்த ஒரு சிறு மரத்துக்குக் குளிர்காலத்திற் போர்வை சுற்றி வைத்திருந்தார்கள். நவம்பர் மாதப் பிற்பகுதியில் மறையும் கதிரவன் ஜனவரி 20ஆந் திகதியளவிலேதான் மீளத் தோன்றுவான். இடைப்பட்ட எட்டு வாரங்களில், நண்பகலை அண்டிச் சில மணி நேரம் நீலநிறமான ஒரு மங்கல் ஒளி பரவும். பின்னர் இருள்தான்.

வேலைக்கு ஆள் போதாத அக்கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளுக்கு 1980களிலே எம்மவர் பலர் வந்து சேர்ந்தனர். வார்டோவில் ஒரு பழைய மரவீட்டின் மேல்மாடியில் நாங்கள் அறுவர் குடியிருந்தோம். இருவர் கத்தோலிக்கர், நால்வர் சைவர். குருநகர்க் கடற்கரையிலே மீன்பிடித் தொழில் செய்த ஒருவரின் மகன் நான். மகன் வலை தொடக்கூடாதென்று தந்தையார் படிப்பித்தார். நானும் சில காலம் தமிழாசிரியனாக இருந்தேன். ஈற்றிலே உலகத்தின் வடகோடிக்கு வந்து, இறப்பர்ச் சப்பாத்தும் மேலங்கியும் அணிந்து, மீன் அரியும் கத்தியைக் கையிலெடுத்தேன். தந்தையார் உயிரோடிருந்திருப்பின் சிரித்திருப்பார்.

அவ்வாண்டு ஒக்டோபர் 10ஆந் திகதி யாழ்ப்பாணத்திலே இந்திய அமைதி காக்கும் படைக்கும் விடுதலைப் புலிகளுக்குமிடையே போர் மூண்டது. அதன்பின் எமக்குக் கடிதம் வரவில்லை. தொலைபேசித் தொடர்பும் இல்லை. இரவிலே சிற்றலை வானொலியின் இரைச்சலுக்குள்ளே காதைப் புதைத்து, ஊர்ப்பெயர் ஏதேனும் வருகின்றதா என்று கேட்டிருப்போம். வந்தாலும் துன்பம், வராவிட்டாலும் துன்பம். டிசெம்பர் பிறந்தபோது எம்முள் எவருக்கும் தத்தம் வீட்டில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது தெரியாது.

இந்நிலையில் நத்தார் கொண்டாடலாமா என்பது வெறும் மனநிலை பற்றிய கேள்வியன்று. வழக்கம் பற்றிய கேள்வி. சாவு விழுந்த வீட்டில் அவ்வாண்டு திருநாள் இல்லை என்பதை வாசகர் அறிவர். அவ்வீட்டிலே தாச்சி அடுப்பேறாது. அயலாரே தம் வீட்டுப் பலகாரத்திற் சிறிது கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவர். எங்கள் வீட்டில் சாவு விழுந்ததா, இல்லையா? கொண்டாடினோமாயின், அங்கே பிணம் கிடக்க இங்கே பலகாரம் சுட்ட பாவிகளாகலாம். கொண்டாடாது விட்டோமாயின், உயிரோடிருப்பவர்களுக்கு நாமே துடக்குக் காத்தவர்களாகலாம். எங்களுள் மூத்தவரை அண்ணை என்றே எல்லோரும் அழைப்போம். அவர் சைவர், மனைவியையும் இரு பிள்ளைகளையும் நல்லூரில் விட்டு வந்தவர். அவர் கண்டிப்பாகச் சொன்னார்: “இந்த முறை ஒண்டும் வேண்டாம். பொங்கலும் வேண்டாம், நத்தாரும் வேண்டாம். கடிதம் வரட்டும்.” நானும் அதற்கு உடன்பட்டேன்.

ஆனால் ஊர் எங்களைக் கேட்டுக்கொண்டு ஆயத்தம் செய்யவில்லை. நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் முதலாவது ஞாயிறன்று மாலை வேலை முடிந்து வந்தபோது, தெருவின் இருபுறத்துச் சாளரங்களிலும் கடதாசி நட்சத்திரங்கள் ஒளிர்ந்தன. முதல்நாள் வரை கறுத்துக் கிடந்த தெரு அது. ஒவ்வொரு வீட்டிலும் நான்கு மெழுகுதிரி கொண்ட தண்டு ஒன்று உண்டு. முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிச் செல்வர். இருள் மிக மிக, விளக்கும் ஒவ்வொன்றாய் மிகும். தெற்கேயுள்ள காடுகளில் வெட்டிய நத்தார் மரங்கள் கட்டுக்கட்டாக ஊருக்குள் வந்திறங்கின. மரமே வளராத ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு மரம் முளைத்தது.

ஒருநாள் கடைக்குச் சென்ற நான் வாயிலிலேயே நின்றுவிட்டேன். ஏலக்காய் மணந்தது! கறுவா, கராம்பு, இஞ்சி எல்லாம் மணந்தன. நோர்வேயர் நத்தாருக்கென ஏழு வகைப் பலகாரம் செய்தல் மரபு என்பதையும், அவற்றிற் பலவற்றுக்கு ஏலமும் கறுவாவும் சேர்வன என்பதையும் அன்று அறிந்தேன். எம் தீவின் கறுவாவுக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கப்பலோட்டி வந்து கோட்டை கட்டிய கதையை வகுப்பிலே படிப்பித்தவன் நான். அக்கப்பல்கள் கொண்டுசென்ற மணம் வடதுருவத்தை அண்டிய ஒரு கடையில் எனக்காகக் காத்திருக்குமென்று நினைத்ததில்லை. ஒன்றும் வாங்காமலே திரும்பினேன்.

கீழ்வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஆச்சி. டிசெம்பர் நடுப்பகுதியில் ஒருநாள் அவர் படியேறி வந்து, ஒரு வட்டமான தகரப் பெட்டியை என் கையிலே தந்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்தோம். உள்ளே இருந்தது அச்சு முறுக்கு!

வாசகர் ஐயுற வேண்டாம். பெயர் வேறு, மாவும் வேறு. நாம் அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கரைப்போம்; அவர்கள் கோதுமை மாவையும் முட்டையையும் பசுப்பாலையும் கரைக்கின்றனர். ஆனால் நீண்ட பிடியுள்ள பூவச்சு அதே அச்சு. அதனைக் கொதிக்கும் எண்ணெயிலே சூடாக்கி, மாவில் முக்கால் பங்கு தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்க, பூ கழன்று மிதக்கும் வித்தையும் அதே வித்தை. சிங்களவர் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிஸும் இதுவே. அப்பெயர் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. தாய் வீட்டிலிருந்து வந்த பொதியைப் பார்ப்பதுபோல நாங்கள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணை மட்டும் கைவைக்கவில்லை. அவர் முகம் வெளுத்துப் போயிற்று. காரணம் எங்களுக்குப் பின்னரே விளங்கியது. பலகாரம் சுடாத வீட்டுக்கு அயலார் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். எம்மூர்க் கணக்கிலே அதற்கு ஒரு பொருள்தான் உண்டு. அந்த வெள்ளைக்கார மூதாட்டி அறியாமலே எங்கள் வீட்டைச் சாவீடு ஆக்கிவிட்டார்.

வெகுநேரம் பேசாதிருந்த அண்ணை இறுதியில் எழுந்தார். “பெட்டியை வெறுமையாய்க் குடுக்கேலாது,” என்றார். “நாளைக்கு அரிசி ஊறப் போடுங்கோ. எங்கடை சனம் உயிரோடைதான் இருக்குது. இல்லையெண்டு சொல்லக் கடிதம் வரேல்லைத்தானே?”

இவ்வாறாக, ஒரு பெட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்ற பழைய ஒழுக்கமே எங்களுக்கு அவ்வாண்டு நத்தாரைத் தந்தது.

அரியதரம் செய்வதெனத் தீர்மானித்தோம். எங்களுள் ஒருவரும் ஊரிலே குசினிக்குள் நின்று வேலை செய்தவரல்லர். அம்மா செய்யும்போது எட்டிப் பார்த்ததும், சூட்டோடு களவெடுத்துத் தின்றதுமே எங்கள் கல்வி. கடையிலே கிடைத்தது பாற்கஞ்சிக்கு உதவும் உருண்டை அரிசி. அதனை ஊறவைத்து, வடித்து, கோப்பிக்கொட்டை அரைக்கும் சிறு இயந்திரத்திலே கைப்பிடி கைப்பிடியாக அரைத்தோம். சீனி சேர்த்துப் பிசைந்து தட்டி எண்ணெயிலே போட்டபோது, முதலாவது அரியதரம் எங்கள் கண்முன்னே நுரைத்துக் கரைந்து காணாமற் போயிற்று. இரண்டாவதும் அவ்வாறே. ஒருவன் ஈரம் அதிகம் என்றான். ஒருவன் சீனி அதிகம் என்றான். ஆறு ஆண்களும் தாச்சியைச் சுற்றி நின்று, தத்தம் தாய்மாரின் கைப்பக்குவத்தை நினைவிலிருந்து இழுத்தெடுக்க முயன்றோம். “என்ரை அம்மா மாவை ஒரு இரவு வைப்பா.” “இல்லை, கொஞ்சம் கோதுமை மா போடுவா.” பேசப் பேச, இரண்டு மாதமாக எவரும் வாயெடுத்துச் சொல்லாத பெயர்களெல்லாம் அக்குசினிக்குள் வந்தன. இறந்த காலத்திலே அன்று, நிகழ்காலத்திலே. மாவை ஓர் இரவு வைத்தோம். கோதுமை மாவும் சேர்த்தோம். மறுநாள் அரியதரம் பொன்னிறமாக மிதந்தது. ஏலக்காய் போட்டிருந்தோம்.

இனி நட்சத்திரம். ஊரிலே கமுகஞ் சலாகையிற் கூடு கட்டி, வண்ணத்தாள் ஒட்டி, வளவிலுள்ள உயர்ந்த மரத்தின் உச்சியிலே ஏற்றுவோம். யார் வீட்டு நட்சத்திரம் உயரம் என்பதே போட்டி. வார்டோவில் கமுகும் இல்லை, ஏற்றுவதற்கு மரமும் இல்லை. தொழிற்சாலையின் பின்புறத்தில் உடைந்து கிடந்த பலகைகளைச் சீவிச் சலாகையாக்கினோம். எங்களுள் இளையவனுக்குப் பத்தொன்பது வயது. உடுவிற் பக்கத்துப் பையன். அவனே தாள் ஒட்டினான். ஐந்து முனையுள்ள அந்த நட்சத்திரத்தை வீட்டின் வெளிச்சுவரிலே, கூரையின் கீழ்க் கட்டினோம். ஒரு மணி நேரம் எரிந்தது. பின்னர் காற்று வந்து, தாளை உரித்துச் சலாகையை முறித்துக் கடலுக்குக் கொண்டுபோயிற்று.

ஆச்சி கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் போலும். பெட்டியைக் கொடுக்கச் சென்றபோது எங்களை உள்ளே அழைத்து இருத்தினார். எங்கள் அரைகுறை நோர்வே மொழிக்கு இசைய, மெல்ல மெல்லச் சொன்னார். இங்கே நட்சத்திரத்தை வெளியே கட்டுவதில்லை; காற்று விடாது. உள்ளே, சாளரக் கண்ணாடியை ஒட்டித் தூக்கவேண்டும். ஆனால் அதன் முகம் வெளியே நோக்கியிருக்க வேண்டும். ஏனெனில் அது வீட்டிலுள்ளவருக்கன்று, தெருவில் வருபவருக்கு. கடலுக்குப் போன ஆண்கள் இருளிலே திரும்பி வருவார்கள்; வீட்டில் ஆள் இருப்பதை அவர்கள் அறியவேண்டும்.

பின்னர், கேளாமலே, தம் சிறுபிராயத்து நத்தார் ஒன்றைச் சொன்னார். அது 1944ஆம் ஆண்டு. போரிலே அவ்வூரின் பெரும்பகுதி குண்டுவீச்சாலும் தீயாலும் அழிந்துபோயிற்று. பின்மார்க் மாகாணம் முழுவதிலும் பின்வாங்கிச் சென்ற ஜேர்மன் படை ஊர்களைக் கொளுத்திக்கொண்டே சென்றது. ஆச்சியின் குடும்பம் அந்தக் குளிர்காலத்தைப் புற்கரண் அடுக்கிய ஒரு குடிசையிலே கழித்தது. தமையன் எங்கே என்பது தெரியாது. அவருடைய தாயார் ஒரு கடதாசித் துண்டிலே நட்சத்திரம் வெட்டி, குடிசையின் ஒரே கண்ணாடியில் ஒட்டினாராம். தமையன் வந்தாரா என்று கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. அவரும் சொல்லவில்லை. அரியதரம் ஒன்றைக் கடித்து, ஏலக்காயை இனங்கண்டு தலையசைத்தார்.

இரண்டாவது நட்சத்திரத்தைச் சாளரத்தின் உட்புறத்தே தூக்கினோம்.

அவ்வாண்டு திருவெம்பாவையும் நத்தாரை ஒட்டி வந்தது. சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, வைகறையிலே துயிலெழுப்பிப் பாடும் பாட்டு அது. “விடியாத ஊரிலை எத்தினை மணிக்கு அண்ணை படிக்கிறது?” என்று இளையவன் கேட்டான். மாதக்கணக்கிலே முதன்முறையாக வீடு சிரிப்பால் அதிர்ந்தது. அண்ணை கடிகாரத்தைப் பார்த்து ஐந்து மணிக்குப் படித்தார். வெளியே நள்ளிரவுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. பாவைப் பாட்டு விடிந்தபின் பாடுவதன்று, விடிவதற்கு முன்னே பாடுவது என்பதைப் பல்லாண்டு படிப்பித்திருந்தும், அதன் பொருளை அன்றுதான் உணர்ந்தேன்.

கத்தோலிக்க ஆலயம் இருந்த ஹம்மர்பெஸ்ற் நகருக்குக் கப்பலேறினால் மறுநாளே கரைசேரலாம். ஆதலால் நத்தாருக்கு முதல்நாள் ஆச்சியுடன் ஊர்க்கோவிலுக்கே அறுவரும் சென்றோம். அது லூதர் சபையினரின் ஆலயம். போருக்குப்பின் 1958இற் கட்டியது. வழிபாடு முடிந்ததும் பலர் வீட்டுக்கு விரையாமல் கல்லறைகளை நோக்கி நடந்தனர். பனியைக் கையாற் குழித்து, காற்றுப் படாதவாறு மெழுகுதிரி ஏற்றி வைத்தனர். எம்மவர் கார்த்திகை மாதத்தில் இறந்தோர் நினைவுநாளிற் செய்வதை, இவர்கள் நத்தாரின் வாயிலிலேயே செய்கின்றனர். சாவையும் திருநாளையும் வேறுவேறு ஆண்டுகளில் வைத்துப் பழகிய எங்களுக்கு அது புதுமை. ஆச்சி தம்முடைய இடத்தில் ஏற்றியபின், கையில் எஞ்சிய ஒரு திரியை இளையவனிடம் கொடுத்தார். யாருக்கென்று அவன் கேட்கவில்லை. மதிலோரமாக, பெயரில்லாத ஓரிடத்தில் ஏற்றி வைத்தான். ஐந்து மணிக்கு நாடெங்கும் மணியடித்து நத்தாரை வரவேற்பது அங்குள்ள வழக்கம். மணியோசை கேட்க, நாங்கள் வீடு திரும்பினோம். தெருமுனையிலே நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் ஐந்துமுனை நட்சத்திரம் சாளரத்தில் எரிந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆளில்லை, ஆயினும் ஆள் இருப்பதுபோலத் தோன்றியது.

தைப்பொங்கலையும் கதிரவன் இல்லாமலே பொங்கினோம். அதற்கு ஒரு கிழமைக்குப்பின், வேலைத்தலத்தில் நிற்கையில் பீரங்கி வெடித்தது. நாங்கள் அறுவரும் ஒருசேர நிலத்திற் குந்திவிட்டோம். யாழ்ப்பாணத்து ஐங்கோணக் கோட்டையிலிருந்து நகரின்மேல் வந்து விழுந்த எறிகணைகளுக்குப் பழகிய உடம்பு அது. சூழ நின்ற நோர்வேயர் முதலில் திகைத்தனர். பின்னர் ஒருவர் என் தோளைத் தொட்டுத் தூக்கினார். 1730களிலே நட்சத்திர வடிவிற் கட்டிய வார்டோக் கோட்டையிலிருந்து கதிரவனின் முழுவட்டமும் தெரிகின்ற முதல்நாளில் பீரங்கி முழங்கும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு விடுமுறை. அதுவே அந்த முழக்கம். வெளியே ஓடிச் சென்று பார்த்தோம். கடலின்மேற் செந்நிறமாக, குளிர்ந்துபோய், சற்று நேரமே அவன் நின்றான். கோட்டையிலிருந்து வரும் வெடியொலி ஒரு நற்செய்தியாகவும் இருக்கலாம் என்பதை நம்ப எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஜனவரி முடிவதற்குள் கடிதங்கள் வந்தன. கொழும்புக்குச் சென்ற எவர் எவர் கையிலோ கொடுத்து அஞ்சலிட்டவை. அண்ணையின் மனைவி பிள்ளைகள் உயிரோடிருந்தனர். இளையவனுக்கு வந்த கடிதம் வேறு. அவனுடைய தமக்கை ஒக்டோபர் மாதத்திலேயே இறந்துவிட்டாள். நாங்கள் அரியதரம் சுட்டபோது அவள் இல்லை. அண்ணை அவனருகே அமர்ந்து, “நான் பிழை விட்டிட்டன், தம்பி,” என்றார். அவன் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், “இல்லை அண்ணை. அந்த மெழுகுதிரி அக்காவுக்குத்தான்,” என்றான்.

என் அம்மா கோவிலிலே அடைக்கலம் புகுந்து, பின் வீடு திரும்பியிருந்தார். கூரையில் ஒரு பக்கம் இல்லை என்று எழுதியிருந்தார். கடிதத்தின் இறுதியிலே இவ்வளவே இருந்தது: “இந்த முறை வீட்டிலே நட்சத்திரம் கட்டவில்லை. நீ அங்கே கட்டினாயா?”

ஆம் என்று பதில் எழுதினேன். ஊரிலுள்ளோர் கட்டமுடியாத ஆண்டிலே அவர்களுக்காகவும் கட்டி வைப்பதுதான் புலம்பெயர்ந்தவனின் கடமை என்பது அப்பதிலை எழுதும்போதே எனக்குத் தெளிவாயிற்று. எங்களுட் பலர் பின்னாளில் தெற்கே, ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் பெயர்ந்துவிட்டோம். ஆச்சியும் அம்மாவும் இன்று இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் நத்தாருக்கு முந்திய முதல் ஞாயிறன்று ஐந்துமுனை நட்சத்திரமொன்றைச் சாளரத்தின் உட்புறத்தே தூக்கி, அதன் முகத்தை வெளியே திருப்பிவிடுகின்றேன். அன்று தெருவில் இறங்கிச் சிறிது தூரம் நடந்து, திரும்பி நின்று, அது தெரிகின்றதா என்று பார்த்தபின்னரே வீட்டுக்குள் வருவேன்.